முதல் இரவின் சாட்சி

லாக்கப் வாசலில் நின்று எதைக் கேட்பது, எதை எழுதி வாங்குவது? பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரம் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. இதைக் கற்றுக் கொடுப்பவர்களுக்கும் கற்றுக்கொண்டவர்களுக்கும் துணை நிற்பது யார்?

திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் எதிரே உள்ள நடைபாதை போராட்டக்காரர்களுக்குப் பழக்கப்பட்ட இடம். பந்தல் போடுவார்கள், கோஷம் எழுப்புவார்கள், மாலையில் கலைந்து போவார்கள். ஆனால் 2018 ஜனவரியில் அங்கே கிடந்த இளைஞர் கலைந்து போகிறவர் அல்ல. 760 நாட்களுக்கும் மேலாக வெயிலிலும் மழையிலும் அங்கேயே இருந்தார். கட்சிக் கொடி இல்லை, ஒலிபெருக்கி இல்லை. நெய்யாற்றின்கரைக்கு அருகே குளத்தூரிலிருந்து வந்த அவர் பெயர் ஸ்ரீஜித். அவர் கேட்டது ஒன்றுதான்: தன் தம்பி எப்படிச் செத்தான்?

தம்பி ஸ்ரீஜீவ், 2014 மே மாதம் ஒரு திருட்டு வழக்கில் பாறசாலை போலீஸாரால் பிடிக்கப்பட்டார். மே 21 அன்று திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்தார். உள்ளாடையில் மறைத்து வைத்திருந்த விஷத்தை லாக்கப்பில் குடித்துவிட்டார் என்றது போலீஸ். அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்றது குடும்பம்.

நீதிபதி கே. நாராயணக் குறுப்பு தலைமையிலான மாநிலப் போலீஸ் புகார் ஆணையம் 2016-ல் குடும்பத்தின் பக்கம் நின்றது. போலீஸார் மீது குற்றம் கண்டது. ரூ. 10 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. போலீஸார் உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார்கள். சி.பி.ஐ. முதலில் வழக்கை ஏற்க மறுத்தது. 2018 ஜனவரியில் சமூக வலைத்தளங்களில் கிளம்பிய அனுதாப அலையில் ஆயிரக்கணக்கானோர் அந்த நடைபாதையில் கூடிய பிறகுதான் ஏற்றுக்கொண்டது. கடைசியில் சி.பி.ஐ.யும் தற்கொலை என்ற முடிவுக்கே வந்தது. அண்ணன் அதை ஏற்கவில்லை.

ஆக, ஒரே மரணத்துக்கு இரண்டு அதிகாரபூர்வ முடிவுகள். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஸ்ரீஜீவ் பிடிபட்ட அந்த முதல் இரவில், போலீஸ் அல்லாத ஒரே ஒரு ஆள், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்த ஒரு ஆள், ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தால்? கைது நேரம் எழுதப்பட்டிருந்தால், உடல் பரிசோதனைச் சீட்டு கையில் இருந்திருந்தால், ஒரு அண்ணன் தன் இளமையில் இரண்டு வருடங்களை நடைபாதையில் கழித்திருக்க வேண்டியிருந்திருக்குமா?

மனித உரிமைக் காப்பாளர்களுக்குப் பயிற்சி என்றால் நட்சத்திர ஹோட்டலில் நடக்கும் கருத்தரங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது அந்த முதல் இரவுக்கான தயாரிப்பு.

உத்தரவு இருந்தது, கதவு திறக்கவில்லை

காப்பாளர்கள் இந்த மண்ணுக்குப் புதியவர்கள் அல்ல. நெய்யாற்றின்கரையிலிருந்து காட்டாக்கடை போகும் பக்கத்தில் இருக்கிறது ஊரூட்டம்பலம். 1910-ஆம் ஆண்டு வாக்கில் பஞ்சமி என்ற புலையர் சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார் வெங்ஙானூர் அய்யன்காளி. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று திருவிதாங்கூர் அரசு ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தது. ஆனால் உத்தரவு கச்சேரியில் கிடந்தது, பள்ளிக்கூடக் கதவோ மூடியிருந்தது. சிறுமியை உட்காரவைத்ததும் கலவரம் வெடித்தது. பள்ளிக்கூடமே கொளுத்தப்பட்டது. எரிந்த பெஞ்சு ஒன்று இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. 2022-ல் அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பட்டது.

அய்யன்காளி எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் உத்தரவு என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியும். அதைவிட முக்கியமாக, அவர் தனியாக வரவில்லை. அவர் பின்னால் 1907-ல் அவர் தொடங்கிய சாது ஜன பரிபாலன சங்கம் இருந்தது. பள்ளிக்கூடம் திறக்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்த உழைப்பாளிகள் இருந்தார்கள். சட்டம் தெரிந்திருப்பது, வாசலில் போய் நிற்பது, பின்னால் ஆள் இருப்பது: ஒரு காப்பாளருக்குத் தேவையான மூன்றும் அன்றே இங்கே இருந்தன. நூறு வருடம் கழித்து ஸ்ரீஜித் நடைபாதையில் உட்கார்ந்தபோது, முதல் இரண்டு வருடங்கள் மூன்றாவது மட்டும் இல்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

1986 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தின் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் செயல் தலைவரான டி.கே. பாசு, லாக்கப் சாவுச் செய்திகளைச் சுட்டிக்காட்டி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே மனுவாக எடுத்துக்கொண்ட நீதிமன்றம், பத்து வருடம் கழித்து, 1996 டிசம்பர் 18 அன்று 11 கட்டளைகள் பிறப்பித்தது. அவற்றில் பெரும்பாலானவை பிறகு சட்டமாகவே ஆயின. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அவை இருக்கின்றன. சட்டப் புத்தகம் புரட்டாதவர்களும் மனப்பாடம் செய்துகொள்ளக்கூடிய கேள்விகள் அவை.

கைது செய்ய வந்தவர் சட்டையில் பெயர்ப் பட்டை தெளிவாகத் தெரிகிறதா? கைதுக் குறிப்பு எழுதப்பட்டதா? அதில் குடும்பத்தினர் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட்டாரா? கைதானவரும் கையெழுத்திட்டாரா? அவர் சொன்ன ஆளுக்குத் தகவல் போனதா? டாக்டர் பார்த்தாரா? காயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது சீட்டில் பதிவானதா? விசாரணையின் போது வக்கீலைச் சந்திக்க விட்டார்களா? 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்களா? கைதானவர்களின் பெயரும் விலாசமும் ஸ்டேஷனில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைக்கப்பட்டிருக்கின்றனவா? 2020 டிசம்பர் 2 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இன்னொன்றும் கேட்கலாம்: லாக்கப்பில் சி.சி.டி.வி. காமிரா வேலை செய்கிறதா?

எல்லையோரக் கிராமங்களுக்கு இவற்றோடு ஒரு கேள்வி கூடுதலாக உண்டு. 1956-ல் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டுப் போராடிய நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. வரைபடத்தில் கோடு விழுந்தாலும் வீடுகளுக்குள் விழவில்லை. பெண் எடுப்பதும் கொடுப்பதும், களியக்காவிளைச் சந்தைக்குப் போவதும் தொடர்கின்றன. வீட்டில் தமிழ், கடையில் இரண்டும் கலந்த பேச்சு, ஸ்டேஷனில் மலையாளம். மலையாளம் பேசத் தெரிந்த எல்லோருக்கும் மலையாள எஃப்.ஐ.ஆர். படிக்கத் தெரியும் என்று சொல்ல முடியாது. களியக்காவிளையைத் தாண்டி இந்தப் பக்கம் பிடிபடும் மலையாளிக்கும் இதே சிக்கல்தான்.

இதற்கு 2025 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. மும்பையில் நடந்த கார் விபத்து தொடர்பான மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில், எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தை எழுத்து மூலம், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்றது. உடனே தர முடியாத நிலை இருந்தால், ரிமாண்டுக்காக மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தந்தாக வேண்டும். தராவிட்டால் கைதே செல்லாது. பாறசாலை ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஒரு தமிழ்த் தாய்க்கு இது கையில் கிடைத்த ஆயுதம். ஆனால் அப்படி ஒரு தீர்ப்பு இருக்கிறது என்று அவளுக்கு யார் சொல்வது?

வகுப்பறையிலிருந்து ஜெயிலுக்கு

சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம், மதுரையில், வழக்கறிஞர் ஹென்றி திபேன் 1995-ல் தொடங்கிய மக்கள் கண்காணிப்பகம் அந்த வேலையில் பெயர் பெற்றது. போலீஸ் சித்திரவதை, சாதி வன்முறை நடந்த ஊர்களுக்கு நேரில் போய் உண்மை அறிவது, வாக்குமூலம் எழுதுவது, ஆணையங்களுக்குப் புகார் தயாரிப்பது ஆகியவை அதன் அன்றாடப் பணி. 1997-லிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனித உரிமைக் கல்வி தரத் தொடங்கியது.

உண்மை அறிவது என்பது கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். பாதிக்கப்பட்டவர் அழுதுகொண்டே சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். ஆனால் தேதியையும் நேரத்தையும் விட்டுவிடக் கூடாது. "அடித்தார்கள்" என்று எழுதினால் போதாது. யார், எதனால், உடம்பில் எங்கே, எத்தனை மணிக்கு, அப்போது அறையில் வேறு யார் இருந்தார்கள் என்று எழுத வேண்டும். போலீஸ் தரப்பையும் போய்க் கேட்க வேண்டும். கோபத்தில் ஒரு வார்த்தை கூட்டி எழுதினால் கோர்ட்டில் எதிர்த் தரப்பு வக்கீல் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் பொய்யாக்கிவிடுவார்.

இந்தப் பயிற்சியே எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வீரவநல்லூர் சாட்சி. 2010 ஆகஸ்டு 15, சுதந்திர தினம். தலித் ஒருவர் போலீஸ் காவலில் சித்திரவதை செய்யப்பட்டார் என்ற புகாரை விசாரிக்க, மக்கள் கண்காணிப்பகத்தில் பயிற்சி பெற்றுவந்த ஒரு குழு திருநெல்வேலி மாவட்டம் வீரவநல்லூர் காவல் நிலையத்துக்குப் போனது. கேள்வி கேட்கப் போனவர்கள் கைதானார்கள். ஆள்மாறாட்டம் உள்ளிட்ட பிரிவுகளில் வழக்குப் பதிவாகி சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அனுப்பிவைத்த ஹென்றி திபேன் மீதும் வழக்கு. கைதானவனின் உரிமைகளைப் பாடமாகப் படித்தவர்கள், அந்தப் பாடத்தின் செய்முறைத் தேர்வைக் கம்பிகளுக்குப் பின்னால் எழுத நேர்ந்தது.

அமைப்புக்கும் சோதனை தொடர்ந்தது. 2012-ல் வெளிநாட்டு நன்கொடை பெறும் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. 2016-ல் புதுப்பிக்க மறுக்கப்பட்டது. அதே 2016-ல்தான் ஆம்னஸ்டி அமைப்பின் ஜெர்மன் கிளை திபேனுக்கு மனித உரிமை விருது தந்தது. 2022-ல் சி.பி.ஐ. வழக்கு. நன்கொடைக் கணக்கைத் தணிக்கை செய்ய அரசுக்கு உரிமை உண்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அரசின் போலீஸைக் கேள்வி கேட்பதே ஒரு அமைப்பின் வேலையாக இருக்கும்போது, அனுமதி மறுப்புக்கான காரணம் வெளிப்படையாக இருக்க வேண்டும். இந்த மறுப்பு சட்டப்படியானதாகவோ நடுநிலையானதாகவோ தெரியவில்லை என்று தேசிய மனித உரிமை ஆணையமே 2016-ல் சொன்னது.

தாயின் இருபது வருடம்

பயிற்சி பாதிதான். மீதிப் பாதி துணை. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருவனந்தபுரத்துக்கே திரும்ப வேண்டும்.

2005 செப்டம்பர் 27. ஸ்ரீகண்டேஸ்வரம் பூங்காவில் நண்பருடன் இருந்த உதயகுமார் என்ற இளைஞரைக் கோட்டை காவல் நிலையத்துக்கு இழுத்துப் போனார்கள். கையில் இருந்த 4,020 ரூபாய் திருட்டுப் பணமோ என்று சந்தேகம். அன்றிரவே அவர் இறந்தார். இரும்புக் குழாயைத் தொடை மீது வைத்து உருட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர் இறந்த பிறகே அவர் மீது எஃப்.ஐ.ஆர். புனைந்தார்கள் என்பது இன்னொன்று.

தாய் பிரபாவதியம்மாள் கோர்ட் ஏறினார். முதல் விசாரணையில், மகனோடு பிடிபட்ட நண்பரே பிறழ் சாட்சி ஆனார். தாய் விடவில்லை. உயர் நீதிமன்றம் சென்று 2007-ல் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு வாங்கினார். 2018 ஜூலையில் திருவனந்தபுரம் சி.பி.ஐ. நீதிமன்றம் இரண்டு போலீஸாருக்கு மரண தண்டனை விதித்தது, வேறு மூவருக்குச் சிறை. நாடே திரும்பிப் பார்த்தது. 2025 ஆகஸ்டு 27 அன்று கேரள உயர் நீதிமன்றம், சி.பி.ஐ. புலனாய்வில் கடுமையான குறைகள் இருப்பதாகக் கூறி அனைவரையும் விடுவித்தது.

இருபது வருடம். கையில் மிஞ்சியது மகனின் படம். நீதிமன்றம் தன் முன் உள்ள சாட்சியத்தைத்தான் பார்க்க முடியும். அந்தச் சாட்சியமோ முதல் இரவில் பதிவாகியிருக்க வேண்டும், பதிவானது கலையாமல் காக்கப்பட்டிருக்க வேண்டும். பூங்காவிலிருந்து பிடிபட்ட ஏழை நண்பர் பிறழ்ந்தார் என்று சொல்வது எளிது. அதே ஊரில், அதே போலீஸ் ரோந்து போகும் தெருவில் வருடக்கணக்கில் வாழ வேண்டிய ஒருவருக்கு அன்று யார் காவல் இருந்தார்கள்? சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்ததே 2018 டிசம்பரில்தான்.

யாரும் ஆகலாம்

1998 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைக் காப்பாளர் பிரகடனத்தை நிறைவேற்றியது. அந்தப் பிரகடனத்தின் சிறப்பு, காப்பாளர் என்ற பட்டத்துக்குத் தகுதிச் சான்றிதழ் எதுவும் கேட்காததுதான். அடுத்தவர் உரிமைக்காக அமைதி வழியில் வாய் திறக்கும் எவரும் காப்பாளர்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் தாக்குதலுக்கு ஆளாகி இறந்தபோது, விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் இரவு நடந்ததைச் சொன்னவர் அதே ஸ்டேஷனின் தலைமைக் காவலர் ரேவதி. காக்கிச் சட்டைக்குள்ளிருந்தே ஒரு காப்பாளர். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோவில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் இறந்தபோது, அவர் அடிக்கப்படுவதை மறைந்திருந்து செல்போனில் படம் பிடித்தவர் ஒரு கோவில் ஊழியர். அந்தச் சில நொடிக் காட்சிதான் வழக்கைத் தூக்கி நிறுத்தியது. இரண்டு பேரும் எந்தப் பயிற்சி முகாமுக்கும் போய்விட்டு வந்து இதைச் செய்யவில்லை. ஆனால் இரண்டு பேர் விஷயத்திலும் அடுத்த நாளே எழுந்த கேள்வி ஒன்றுதான்: இனி இவர்களுக்கு யார் பாதுகாப்பு?

தேசிய மனித உரிமை ஆணையத்தில் காப்பாளர்களுக்கென்றே தனித் தொடர்பு அதிகாரி உண்டு. காவலில் மரணம் நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1993 டிசம்பரிலிருந்து இருக்கும் அறிவுரை. ஆணையத்துக்குப் புகார் எழுதக் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும். இந்த ஒரு வருடக் கெடு தெரியாமலே கதவு மூடிப்போன வீடுகள் உண்டு.

புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. தாலுகாதோறும் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 2009 முதல் பாரா லீகல் வாலண்டியர் எனப்படும் சட்டத் தன்னார்வலர்களை நியமிக்கும் திட்டம் இருக்கிறது. ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர், கல்லூரி மாணவர், சுய உதவிக் குழுப் பெண் என யாரும் சேரலாம். 15100 என்ற இலவச எண் இருக்கிறது. தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்று கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. பாறசாலைக்கும் காட்டாக்கடைக்கும் இடையே உள்ள ஒவ்வொரு பஞ்சாயத்திலும் இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்த இரண்டு பேர், ஒரு ஆணும் ஒரு பெண்ணும், மேலே சொன்ன கேள்விகளோடு தயாராக இருந்தால் போதும். நடு ராத்திரியில் கூப்பிட்டால் வர ஒரு வக்கீலின் எண்ணும், அவர்கள் மேலேயே வழக்குப் பாய்ந்தால் ஜாமீனுக்கு நிற்க நாலு பேரும் அவர்களுக்கு வேண்டும்.

செலவு என்று பார்த்தால் ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும். 2014 மே மாதத்தில் பாறசாலை ஸ்டேஷன் வாசலில் அந்த நோட்டுப் புத்தகம் இருந்திருந்தால், போலீஸ் சொன்னது உண்மையானால் போலீஸுக்கும் அது துணையாக இருந்திருக்கும். குடும்பம் சொன்னது உண்மையானால் தலைமைச் செயலக நடைபாதையில் 760 ராத்திரி படுத்திருக்க வேண்டிய அவசியம் அண்ணனுக்கு வந்திருக்காது.